உச்சிமாகாளி முதுகுக்கு டை அடித்த கதை

பத்மநாப சுவாமி கோயில் ஊரில், சாலை பஜாரில் உச்சிமாகாளியைத் தெரியாத ஆள் கிடையாது. அப்படி யாராவது இருந்தால் அவரே கூப்பிட்டு உட்காரவைத்துத் தெரியப்படுத்திவிடுவார். பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு பஜாருக்குள் நடந்தால், வளையலும் ரிப்பனும் சீப்பும் கண்ணாடியும் டை பாக்கெட்டும் வாசல்வரை தொங்குகிற மொத்தக் கடை ஒன்று வரும். கல்லாவில் இருக்கிறவர்தான் அவர். வயது ஐம்பத்தெட்டு. மீசைக்கு மட்டும் முப்பது. வாரம் தவறாமல் டை அடித்து அந்த வயதிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்.

பதினாலு வயதில் சுரண்டையிலிருந்து வந்து தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவர் கையில் இருந்தது ஓர் அட்டை ஊக்கு. அந்த ஊக்கில் தொடங்கி மூன்று மாடிக் கட்டிடம்வரை வந்ததற்கு யாரும் அவருக்குக் கை கொடுக்கவில்லை, கால் கொடுக்கவில்லை. இதைத் தினம் ஒருவரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்கு மத்தியானச் சாப்பாடு இறங்காது. படிப்பு அஞ்சாம் வகுப்பு, அதுவும் அரைப் பரீட்சைவரைதான். "படிச்சவம்லாம் எங்கிட்ட சரக்கு வாங்க வரிசையில நிக்கான்" என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மலையாளத்தை மலையாளிகளைவிட வேகமாகப் பேசுவார். ஆனால் அதில் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. நாற்பத்து நாலு வருஷமாக இது அவருக்கும், கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி பொன்செல்விக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. டப்பாவின் நிறத்தைப் பார்த்தே சரக்கைச் சொல்லிவிடுவார். யாராவது ஒரு காகிதத்தை நீட்டினால் நெற்றியைச் சுருக்கி, மேலிருந்து கீழே கண்ணை ஓட்டி, "சரி, பாத்துட்டேன்" என்று மடித்துப் பையில் வைத்துவிடுவார். மடிப்பு மட்டும் அவ்வளவு நேர்த்தியாக இருக்கும்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஆண்டவன் ஒரு குறை வைத்தான். அதைச் சட்டை மூடும் இடத்தில் வைத்த அளவில் அவன் நல்லவன். தோளில் தொடங்கி இடுப்புவரை, முதுகு முழுக்க முடி. பாதி கறுப்பு, பாதி வெள்ளை. சட்டை போட்டே பிழைத்தவருக்கு அது நாற்பது வருஷமாக ஒரு விஷயமாகவே படவில்லை.

படவைத்தது மகள் அனுஷாவின் கல்யாணப் பேச்சு. மாப்பிள்ளை அஜீஷ், வித்துராக்காரன், மலையாளி. அனுஷாவோடு ஒரே ஆபீசில் வேலை பார்க்கிறவன். தை மாதம் நிச்சயம் முடிந்த கையோடு இரண்டு வீட்டாரும் சேர்ந்து பத்மநாப சுவாமியைக் கும்பிடப் போனார்கள். அங்கே ஆண்கள் சட்டை போட முடியாது; வேட்டி மட்டும்தான். பெண்ணின் அப்பா என்கிற கௌரவத்தோடு உச்சிமாகாளி எல்லாருக்கும் முன்னால் நடந்தார். அவருக்குப் பின்னால் நடந்தது மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் நாலு வயசுப் பொடிசு ஒன்று, பிரகாரமே கேட்கும்படிக் கேட்டது:

"அம்மே, ஈ மாமன் எந்தா ஸ்வெட்டர் ஊராத்தே?"

இந்த மாமா ஏன் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை என்று கேட்கிறது! தாய்க்காரி வாயைப் பொத்தினாள். பொத்த வேண்டிய வாய் அது ஒன்றாக இருந்தால் சரி. சம்பந்தி வீட்டில் பதினாறு வாய். அஜீஷ் தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியதை உச்சிமாகாளி பார்த்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் காபியைத் தொடவில்லை.

"ஆவணியில கல்யாணம். வித்துராவுல, கோயில்ல. நான் சட்ட இல்லாம நின்னு பிள்ளைய கையப் பிடிச்சுக் குடுக்கணும். அன்னைக்கும் அந்தக் கூட்டம் எம் முதுகத்தான் பாக்கும்."

"பிள்ள தெரியாம கேட்டுட்டு. அதப் போய்ப் பெருசு பண்ணிக்கிட்டு" என்றாள் பொன்செல்வி.

"பிள்ள கேட்டது பெருசில்ல. பெரியவுக சிரிச்சாகல்லா."

அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். கல்யாணத்தன்று முதுகு சுத்தமாக இருக்க வேண்டும். அவர் முடிவு செய்து நடக்காத காரியம் இதுவரை கிடையாது.

முதலில் கடைச் சரக்கிலேயே வைத்தியம் பார்த்தார். மெழுகுப் பட்டையை ஒட்டி இழுக்கிற பாக்கெட் ஒன்று உண்டே, அது. பொன்செல்வி ஒட்டினாள். இழுத்தாள். மாடியில் அவர் போட்ட சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் சேஷன், யாரோ விழுந்துவிட்டார்கள் என்று படியேறி வந்துவிட்டார். அரைச் சாண் அகலத்துக்கு வெளிச்சம் கிடைத்தது. மீதியை இழுக்க உச்சிமாகாளி சம்மதிக்கவில்லை.

அதன் பிறகுதான் லேசர். தம்பானூரில் ஒரு லாட்ஜுக்கு மேல்மாடியில் தோல் ஆஸ்பத்திரி இருந்தது. யாருக்கும் சொல்லாமல், மகளுக்குக்கூடச் சொல்லாமல் போனார். டாக்டரம்மா முதுகைப் பார்த்து, கறுப்பு முடி பெரும்பாலும் குறைந்துவிடும், வெள்ளை முடியில் லேசர் வேலை செய்யாது, அதற்குச் சவரம்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். மற்ற விவரமெல்லாம் சொன்னவள் நர்ஸ் ஜிஜி. பாறசாலைப் பக்கத்துப் பெண். தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும்.

"அண்ணாச்சி, இங்க முடிய பிடுங்கினதாக்கும்?"

"மெழுகு போட்டு இழுத்தோம்."

"எதுக்காக்கும் இழுத்திய? லேசரு முடியில உள்ள கறுப்பப் பாத்துத்தான் போவும். முடியவே பிடுங்கிப்போட்டா அது எங்க போவும்? இனி நாலு வாரம் இழுக்கவும் பிடாது, பிடுங்கவும் பிடாது. வளரட்டு, கேட்டியளா? வெயிலும் பிடாது."

"சனிக்கிழம எண்ண தேச்சு மொட்ட மாடியில உக்காருவேன்."

"வேண்டாம். கறுத்த தோலுல சூடு பிடிச்சா பொள்ளிப்போவும். மிச்சமெல்லாம் பேப்பருல உண்டு. வாசிச்சு நோக்கிக்கிடுங்க."

மலையாளத்தில் அச்சடித்த ஒரு தாளை நீட்டினாள். உச்சிமாகாளி நெற்றியைச் சுருக்கினார். மேலிருந்து கீழே பார்த்தார். "சரி, பாத்துட்டேன்" என்றார். மடித்தார்.

அந்த நாலு வாரமும் முடியை வளர்ப்பதே அவருக்கு வேலையாகப் போயிற்று. ஒழிக்க வேண்டிய சனியனைப் பாதுகாத்து வளர்க்க வேண்டிய கொடுமையை என்னவென்று சொல்வது! வெயிலில் நிற்கவில்லை. சனிக்கிழமை எண்ணெயை அறைக்குள்ளேயே தேய்த்துக்கொண்டார். ஆனால் மனசில் டாக்டரம்மா சொன்னது கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. கறுப்பு போகும், வெள்ளை போகாது. அதாவது பாதி வேலை. வாழ்நாளில் பாதி வேலையை ஒத்துக்கொண்ட ஆள் இல்லை அவர்.

லேசருக்குக் கறுப்புதான் கண்ணுக்குத் தெரியும் என்றால், வெள்ளையைக் கறுப்பாக்கிவிட்டால் தீர்ந்தது. கறுப்பாக்குவதற்கு யாரிடம் போக வேண்டும்? மாவட்டத்தில் பாதித் தலைக்கு டை சப்ளை செய்கிறவரே அவர்தான். எம்.பி.பி.எஸ். படித்த டாக்டருக்குத் தோன்றாத யோசனை தனக்குத் தோன்றியதை நினைத்து அவருக்கே ஒரு புன்னகை வந்தது.

லேசருக்கு மூன்று நாள் முந்திய ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் கடை ஷட்டரை உள்ளேயிருந்து இறக்கினார். சட்டையைக் கழற்றினார். எட்டு பாக்கெட் டையைக் கரைத்தார். குளிக்கிற நீளப் பிரஷ் ஒன்றை எடுத்து, முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி வைத்து அடித்தார். இரண்டு தோளும் அமோகமாக வந்தன. நடுமுதுகுக்குப் பிரஷ் எட்டவில்லை. நடுவில் வெள்ளைக் கோடு விட்ட ரோடு மாதிரி இருந்தது.

அதற்கும் அவரிடம் வழி இருந்தது. பார்சல் கட்டும் பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்தார். மீதி டையை அதில் தோசை மாவு மாதிரிப் பரப்பினார். அதன்மேல் மல்லாந்து படுத்து, வலப்பக்கம் ஒரு புரளல், இடப்பக்கம் ஒரு புரளல். அரை மணி நேரம் போதும் என்று அவரே ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறார். லேசருக்கு என்பதால் ஒன்றரை மணி நேரம் கிடந்தார். எரிந்தது. எரிகிறதே என்று கேட்டு வரும் வாடிக்கையாளருக்கு, எரிந்தால்தான் நன்றாகப் பிடிக்கும் என்று சொல்வதைத் தனக்கும் சொல்லிக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டில் பனியனைக் கழற்றினார். பொன்செல்வி கையில் வைத்திருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள்.

"தார் ரோட்டுல உருண்டியளா?"

"வெவரம் தெரியாம பேசாத. இது லேசருக்கு முந்தி செய்ய வேண்டியது."

"அந்தத் தாள்ல இப்பிடியா போட்டிருக்கு?"

"ஆமா."

"எங்க, வாசிங்க பாப்போம்."

அவர் நெற்றியைச் சுருக்கினார். "அனுஷாட்ட குடுங்க, அவ வாசிப்பா" என்று மட்டும் சொன்னாள். அவர் தாளை இன்னும் ஒரு மடிப்பு மடித்து உள்ளே வைத்தார்.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நடையே வேறாக இருந்தது. ஜிஜியின் முன்னால் திரும்பி நின்று, திரையை விலக்குகிறவர் மாதிரிச் சட்டையைக் கழற்றினார்.

"நோக்கிக்கோ. ஒரு வெள்ள இருந்தா சொல்லு. ஒண்ணு விடாம அடிச்சிரலாம்."

ஜிஜி இன்னொரு விளக்கையும் போட்டாள்.

"கர்த்தாவே! அண்ணாச்சி, இது யாரு செஞ்ச வேல?"

"நாந்தான். தனியா."

ஜிஜி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பை அடக்க முகமூடியை மூக்குவரை இழுத்தாள், கண் காட்டிக்கொடுத்தது. அப்புறம் எழுந்து பக்கத்தில் வந்து பார்த்தவளுக்குச் சிரிப்பு நின்றது. கறுப்புக்கு அடியில் தோல் முழுக்கச் சிவந்து, பொடிப் பொடியாகத் தடித்திருந்தது. டாக்டரம்மா வந்து பார்த்தார். இன்றைக்கு ஒன்றும் செய்ய முடியாது, தோல் ஆறி சாயம் போக ஒரு மாதமாகும் என்றார். களிம்பு எழுதிக் கொடுத்தார்.

"கல்யாணத்துக்குள்ள முடிஞ்சிரும்லா?"

"இனி இப்படி ஏதாவது செஞ்சா முடியாது" என்றுவிட்டுப் போனார் டாக்டரம்மா.

ஜிஜி களிம்பைத் தடவிக்கொண்டே கேட்டாள். "அண்ணாச்சி, கறுப்புங்கது முடிக்கு மேல இருந்தா போராது, அடியில வேருல இருக்கணும். டை வேருக்குப் போவுமா? அதுமில்லாம, தலேநாளு, அதாவது முந்தின நாளு, மொத்தமும் வழிச்சுக்கிட்டுல்லா வரணும். நீங்க அடிச்ச டை எல்லாம் பிளேடோடயே போயிருக்கும். பேப்பருல நாலாவது வரி. டை, மருதாணி, கிரீம் ஒண்ணும் பிடாதுன்னு கட்டி எழுத்துல போட்டிருக்கு. வாசிக்கேலியா?"

உச்சிமாகாளி மின்விசிறியைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி கொண்டுவர மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். நாற்பத்து நாலு வருஷமாக அந்தக் கண்ணாடி அவருக்கு எவ்வளவோ இடத்தில் கை கொடுத்திருக்கிறது. இத்தனைக்கும் அப்படி ஒரு கண்ணாடியே அவரிடம் கிடையாது. சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடலாம். போனால் அடுத்த தடவையும் எதையாவது தப்பாகச் செய்துவிட்டு வருவார். ஆவணி வந்துவிடும்.

"எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாதும்மா" என்றார். குரல் தன்னுடையதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

வானம் இடிந்து விழும் என்று நினைத்திருந்தார். ஜிஜி மூடியைத் திருகிக் களிம்பை மூடினாள்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா வாயால சொல்லியிருப்பேனே. போன எடுங்க."

அவருடைய போனிலேயே, கணீரென்று, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வதுபோலப் பேசிப் பதிவு செய்து கொடுத்தாள்: நாலு வாரத்துக்குப் பிடுங்கப்பிடாது. வெயிலு பிடாது. டை பிடாது. தலேநாளு புதிய பிளேடு வச்சு, சோப்பு நொர போட்டு, முடி போற போக்குலயே மெதுவா வழிக்கணும். அன்னைக்கு எண்ண, பவுடர், சென்டு ஒண்ணும் பிடாது. சுத்தமா குளிச்சுட்டு வரணும்.

அந்த ஒரு மாதமும் கடையில் கூட்டம் குறைந்தபோதெல்லாம் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய பார்ட்டியோடு வியாபாரம் பேசுகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். பதினைந்து நாளில் மனப்பாடம். ஜிஜி எங்கே மூச்சு விட்டாளோ அங்கே இவரும் மூச்சு விட்டார்.

சித்திரையில் தோல் ஆறிற்று. லேசருக்கு முந்தின நாள் குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். பொன்செல்வி புதுப் பிளேடோடு பின்னால் நின்றாள்.

"கல்யாணம் ஆயி முப்பத்தோரு வருஷமா சோறு பொங்கிப் போட்டாச்சு, துணி தொவச்சாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு."

"போக்குலயே வழி. எதிர்ப் போக்குல வழிக்கப்பிடாது."

"போக்கா? இங்க நாலு பக்கமும்லா போயிட்டுக் கெடக்கு. எந்தப் போக்குன்னு சொல்லுங்க."

"மெதுவா, மெதுவா."

"சும்மா இருங்க. அசைஞ்சா காதையும் சேத்து வழிச்சிருவேன்."

லேசர் வலித்ததா என்று கேட்டால் உச்சிமாகாளி சிரிப்பார். ரப்பர் பேண்டால் சுண்டுகிற மாதிரி இருந்ததாம். ரப்பர் பேண்டை மூட்டைக் கணக்கில் விற்கிறவருக்கு அது ஒரு வலியா என்பார். முதல் சுண்டலுக்கே "அம்மோ" என்று கூப்பிட்டது ஜிஜிக்குத் தெரியும். ஆவணிக்குள் நாலு தடவை ஆயிற்று. ஒவ்வொரு தடவைக்கும் கறுப்பு மெலிந்து வந்தது. வெள்ளை மட்டும் டாக்டரம்மா சொன்னபடியே அசையாமல் நின்றது. கல்யாணத்துக்கு முந்தின நாள் பொன்செல்வி அதையும் வழித்துவிட்டு, நனைந்த துண்டால் துடைத்து, ஒரு தட்டுத் தட்டினாள். "போங்க. எங்க அப்பா கட்டிக்குடுத்த அன்னைக்குக்கூட இப்பிடி இல்ல" என்றாள்.

வித்துராக் கோயிலில் மழை விட்ட புழுக்கம். உச்சிமாகாளி யாரும் சொல்வதற்கு முன்பே சட்டையைக் கழற்றி மைத்துனன் கையில் கொடுத்துவிட்டு, பெண்ணின் அப்பா என்கிற கௌரவத்தோடு எல்லாருக்கும் முன்னால் நடந்தார். நடந்தவர் வேண்டுமென்றே இரண்டு இடத்தில் நின்றார். பின்னால் வருகிறவர்களுக்குப் பார்க்க அவகாசம் வேண்டுமே. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வெறும் முதுகைப் பற்றி யார்தான் என்ன சொல்வார்கள்? அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அப்போதுதான் மண்டபத்து ஓரத்தில் ஓர் ஆளைப் பார்த்தார். அஜீஷின் தாய்மாமன் விஜின். நிச்சயத்துக்கு வர முடியாமல், கல்யாணத்துக்கென்று துபாயிலிருந்து வந்திருந்தவர். அத்தனை புழுக்கத்தில் எல்லாரும் மேல்துண்டால் விசிறிக்கொண்டிருக்க, அந்த மனிதர் மட்டும் துண்டைத் தோளோடு தோளாக இழுத்துப் போர்த்தி, இரண்டு முனையையும் கையில் இறுக்கிப் பிடித்து, சுவரில் முதுகைச் சாய்த்து நின்றார். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டிற்று.

சரக்கு தெரிந்த ஆளுக்கு டப்பாவைத் திறந்தா காட்ட வேண்டும்? உச்சிமாகாளி பக்கத்தில் போய் நின்றார்.

"தோளிலேயும் உண்டா, முதுகிலே மாத்திரமா?" என்று மெதுவாக மலையாளத்தில் கேட்டார்.

விஜின் திடுக்கிட்டுத் துண்டை இன்னும் இறுக்கினார். உச்சிமாகாளி மெல்லத் திரும்பித் தன் முதுகைக் காட்டினார். கொஞ்ச நேரம் காட்டினார். திரும்பிப் பார்த்தபோது விஜினின் கண் ஈரமாக இருந்தது. வியர்வையாகவும் இருக்கலாம்.

"எவிடெயா அண்ணாச்சி இது செய்தது?"

எங்கே செய்தது என்று கேட்டுவிட்டார்; போதாதா? தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பிடுங்கப்பிடாது. வெயிலு பிடாது. கறுப்பு போகும், வெள்ளைக்குச் சவரம்தான். இதில் வேறு யார் வந்து வேறு யோசனை சொன்னாலும், அவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், கேட்கவே கூடாது. முக்கியமாக டை அடிக்கச் சொன்னால் அவனை நம்பவே கூடாது. விஜின் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். சவரம் எந்தப் போக்கில் என்பதை உச்சிமாகாளி தூணிலேயே கையால் வழித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது பொன்செல்வி வந்து முழங்கையைப் பிடித்தாள்.

"முகூர்த்தம் ஆயிட்டு. ஊரே தேடுது. பிள்ளைய யாரு பிடிச்சுக் குடுக்கது, இந்தத் தூணா?"

ஓடினார். அனுஷா பட்டுப்புடவையில் தலைகுனிந்து நின்றாள். "அப்பா, எவிட போனீங்க?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டாள். அவர் அவள் கையை எடுத்து அஜீஷின் கையில் வைத்தார். வைத்த கையை எடுக்க அவருக்கு மனசு வரவில்லை. தன் முதுகு எந்தப் பக்கம் இருக்கிறது, யார் அதைப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் நினைவிலேயே இல்லை.

அந்த நேரம் பார்த்து, கூட்டத்துக்குப் பின்னாலிருந்து விஜின் எம்பி நின்று, எத்தனை வாரத்துக்குப் பிடுங்கக் கூடாது என்று சைகையில் கேட்டார்.

அந்தப் போட்டோ இன்றைக்கும் வித்துரா வீட்டு ஹாலில் பெரிய சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. பெண் அழுகிறாள், மாப்பிள்ளை பவ்யமாக நிற்கிறான், பொன்செல்வி கண்ணைத் துடைக்கிறாள். பெண்ணின் அப்பா ஒரு கையால் மகள் கையைப் பிடித்துக் கொடுத்தபடி, கண் நிறையத் தண்ணீரோடு, மற்றக் கையைத் தலைக்கு மேலே உயர்த்தி நாலு விரலைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.